மின்சார பேஸ் கிற்றார்: பழைய வடிவமும் புதிய திருத்தங்களும்

மேலைநாட்டு நடன இசைக் குழுக்களிலே, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, மிகத் தாழ்ந்த சுருதியைத் தாங்கி நின்ற தந்திக் கருவி டபிள் பேஸ் ஆகும். வயலினைப் போன்ற தோற்றமுடைய இக்கருவி ஓர் ஆளின் உயரத்துக்கும் மேற்பட்டது. இதை வாசிப்பவர் நின்றுகொண்டோ உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்தோ, கருவியை அணைத்துப் பிடித்து வாசித்தல் வேண்டும். குழு ஊரூராகச் செல்லும் காலங்களில், மனிதர் வண்டிக்குள்ளே இருக்க, இக்கருவி பல வேளைகளில் வண்டியின் கூரைமேலே கட்டப்பட்டுப் பயணம் செய்தது. ஊதுகருவிகளும் மின்சாரக் கிற்றாரும் முழங்கும் மேடையிலே அதன் ஓசை செவிக்கு எட்டுவதும் அரிதாயிற்று. குழுவின் தாளத்தையும் சுருதியையும் அடியிலிருந்து தாங்க வேண்டிய கருவியே கேளாமற்போனால், மேலே எழுப்பப்படும் இசைமாளிகை எங்ஙனம் நிலைபெறும்?

இக்குறையை நீக்க முயன்றோர் ஒருவரல்லர். வாஷிங்டன் மாநிலத்துச் சியாற்றில் நகரைச் சேர்ந்த போல் ரற்மார்க் என்பவர், 1930-களின் நடுப்பகுதியிலேயே, கிற்றாரைப் போலக் குறுக்காகப் பிடித்து வாசிக்கத்தக்க மின்சார பேஸ் ஒன்றைச் செய்து ஓடியோவொக்ஸ் என்னும் பெயரிலே விற்பனைக்கு விட்டார். காலம் அதற்குக் கனியவில்லை. சில கருவிகளே செய்யப்பட்டன. பின்னர் உலகம் அதை மறந்துவிட்டது.

உலகம் மறவாத வடிவத்தைக் கொடுத்தவர், கலிபோர்ணியா மாநிலத்தின் ஃபுல்லர்ட்டன் என்னும் ஊரிலே 1938 ஆம் ஆண்டு முதல் வானொலிப் பெட்டிகளைத் திருத்தும் கடை நடத்திவந்த லியோ ஃபெண்டர் ஆவார். 1909 இல் பிறந்த இவர் கிற்றார் வாசிக்கக் கற்றதில்லை. ஆயினும் இசைவாணர் கொணர்ந்த ஒலிபெருக்கிகளையும் கிற்றார்களையும் பழுதுபார்த்தபோது, எந்த உறுப்பு எங்கே தளர்கிறது, எதனை மாற்ற எவ்வளவு நேரமாகிறது என்பனவற்றை அவர் நன்கு அறிந்துகொண்டார். இன்ன குறை உண்டு என்று வாசிப்போர் சொல்வதைக் கேட்டு, அதற்கேற்பச் செய்து கொடுத்து, மறுபடியும் கேட்டுத் திருத்துவதே அவர் வழக்கம்.

1951 இல் அவர் வெளியிட்ட கருவிக்குப் பிரிசிசன் பேஸ் என்று பெயர். பிரிசிசன் என்பது துல்லியம் எனப் பொருள்படும். இப்பெயரின் காரணத்தை நம்மவர் எளிதிலே உணர்வர். கோட்டுவாத்தியத்துக்கும் வீணைக்கும் உள்ள வேறுபாடு யாது? முன்னதிலே மெட்டுக்கள் இல்லை. சுரத்தின் இடத்தை வாசிப்பவர் தம் செவியாலும் கையாலுமே தேடிக் காணவேண்டும். பின்னதிலே மெட்டுக்கள் சுரத்தின் இடத்தைக் காட்டி நிற்கின்றன. டபிள் பேஸ் மெட்டில்லாக் கருவி. ஃபெண்டரின் பேஸிலே 20 மெட்டுக்கள் பதிக்கப்பட்டிருந்தமையால், கிற்றார் வாசிக்கத் தெரிந்த எவரும் நெடுங்காலப் பயிற்சியின்றிச் சுருதி பிசகாமல் வாசித்தல் இயல்வதாயிற்று.

டபிள் பேஸின் அதிருந் தந்தி ஏறக்குறைய 42 அங்குல நீளமுடையது. ஃபெண்டர் பல நீளங்களைச் சோதித்து, இறுதியிலே 34 அங்குலத்தைத் தெரிந்துகொண்டார். தந்திகள் நான்கும் டபிள் பேஸின் தந்திகளைப் போலவே சுருதி சேர்க்கப்பட்டன. அவற்றுள் மிகத் தாழ்ந்தது செக்கனுக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்வது. உட்குடைவில்லாத ஆஷ் மரப்பலகையே உடல். மேப்பிள் மரமே கழுத்து. இரண்டையும் இணைப்பன நான்கு திருகாணிகள். தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றுதற்குக் காந்தத்தைச் சூழ்ந்த கம்பிச்சுருள் ஒன்று. ஒலியின் அளவுக்கு ஒரு திருகு, அதன் கூர்மையைக் குறைப்பதற்கு ஒரு திருகு. இவ்வளவே அக்கருவி.

லயனல் ஹம்ப்ரன் குழுவிலே இப்புதிய கருவியை ஏந்திய மங்க் மொன்ற்கொமறி என்பார், 1953 இல் அக்குழுவுடன் ஐரோப்பாவுக்குச் சென்றபோது, ஆங்குள்ளோர் பலர் முதன்முறையாக இதன் ஓசையைக் கேட்டனர். டபிள் பேஸிலே ஊறிய இசைவாணர் பலர் இதனை ஒரு கருவியென்றே மதிக்கவில்லை. மொன்ற்கொமறியும் தொடக்கத்திலே தயங்கியவரே. ஆகவே, இன்று பழைமை எனப் போற்றப்படும் இவ்வடிவம், பிறந்தபோது பழைமையை அழிக்க வந்த புதுமையெனத் தூற்றப்பட்டது என்பதை முதலிலே மனங்கொள்ளல் வேண்டும்.

இனி, திருத்தங்களின் கதைக்கு வருவோம். முதற் பிரிசிசன் பேஸை முதலிலே திருத்தியவர் அதைச் செய்தவரே. பலகையின் கூரிய விளிம்பு வாசிப்பவரின் விலாவையும் முன்கையையும் உறுத்துகிறது என்பது தெரிந்ததும், 1954 இல் அவ்விளிம்புகள் சரிவாகச் செதுக்கப்பட்டன. ஒற்றைச் சுருள் அயலிலுள்ள மின்விளக்குகளின் இரைச்சலையும் வாங்கி ஒலித்தது. 1957 இல் அதனை இரண்டு பாதிகளாகப் பிரித்து, ஒன்றில் எழும் இரைச்சலை மற்றது அழிக்கும்படி எதிரெதிராக அமைத்தனர். தந்திகளின் ஓசை மட்டும் எஞ்சிற்று. 1959 அளவில் கழுத்தின் மேற்பரப்புக்கு ரோஸ்வுட் மரம் வந்தது. 1960 இல் ஜாஸ் பேஸ் என்னும் மற்றொரு கருவியும் வெளியாயிற்று. அதன் கழுத்து தலைப்பக்கத்தில் ஒன்றரை அங்குல அகலமே உடையது, சுருள்கள் இரண்டு. ஒன்பது ஆண்டுகளுள் நிகழ்ந்த மாற்றங்கள் இவை.

1965 ஆம் ஆண்டு சனவரியிலே ஃபெண்டர் தம் தொழிலைச் சீ.பீ.எஸ். என்னும் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 13 மில்லியன் டொலருக்கு விற்றார். அதன்பின் செய்யப்பட்ட கருவிகளின் தரம் தாழ்ந்தது என்னும் எண்ணம் இசைவாணரிடையே மெல்லப் பரவிற்று. இவ்வெண்ணமே பின்னாளைய விவாதத்தின் வித்தாகும். விற்பனைக்கு முற்பட்ட கருவி என்றால் அது தேடத்தக்க பொருள் என்றும், 1957 முதல் 1965 வரையான வடிவமே நிறைவுற்ற வடிவம் என்றும் ஒரு கொள்கை வேரூன்றலாயிற்று.

இக்கொள்கைக்குப் பெருந்துணையாய் நின்றது டிற்றோயிற் நகரத்து ஜேம்ஸ் ஜேமர்சனின் வாசிப்பு. மோற்றவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் எண்ணற்ற பாடல்களிலே 1960-களில் ஒலிக்கும் பேஸ் இவருடையது. டபிள் பேஸிலே பயின்று வந்த ஜேமர்சன், 1962 இல் செய்யப்பட்ட பிரிசிசன் பேஸைக் கொண்டு, வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே தந்திகளை மீட்டுவார். அவர் பூட்டியவை தட்டையான நாடா சுற்றப்பட்ட கனத்த தந்திகள். அவை அறுந்தாலன்றி அவற்றை மாற்றமாட்டார். குதிரையை மூடிய உலோகக் கவசத்தின் உள்ளே, தந்தியின் நீள்முழக்கத்தை அடக்குவதற்கென வைக்கப்பட்டிருந்த மென்பஞ்சையும் அவர் அகற்றவில்லை. அதனாலே ஒவ்வொரு சுரமும் திரண்டு எழுந்து உடனே அடங்கிற்று.

1972 இல் மோற்றவுன் நிறுவனம் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. அப்போது நாகரிகம் மாறியிருந்தது. இங்கிலாந்தின் ரொட்டோசவுண்ட் நிறுவனம், த ஹூ குழுவைச் சேர்ந்த ஜோன் என்ற்விசிலின் ஒத்துழைப்போடு 1960-களில் உருவாக்கிய உருண்டைக் கம்பி சுற்றிய தந்திகள், பியானோவைப் போன்ற கணீரென்ற ஓசையைப் பேஸுக்கு அளித்திருந்தன. பதிவுக்கூடங்கள் அவ்வோசையையே விரும்பின. ஜேமர்சன் தம் தந்தியையும் முறையையும் மாற்ற இசையவில்லை. அழைப்புகள் குறைந்தன. 1983 இல் அவர் மறைந்தபோது அவர் பெயரைப் பொதுமக்கள் அறிந்திலர். அவருடைய கருவியும் மறைவுக்குச் சற்று முன்னர் களவுபோயிற்று. பின்னர், 2000 ஆம் ஆண்டிலே றொக் அன் றோல் மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. அவர் கைவிட மறுத்த அதே ஓசையை இன்று பதிவுக்கூடங்கள் தேடிப் பெறுகின்றன. திருத்தத்தை ஏலாதவர் தம் வாழ்நாளிலே தொழிலை இழந்தார் என்பதும், அவர் ஓசையே பின்னர் அளவுகோலாயிற்று என்பதும் இவ்விவாதத்தின் இரு தரப்பினரும் எடுத்துக்காட்டும் சான்றுகளாம்.

புதுமை வேண்டுவோர் முன்வைக்கும் திருத்தங்கள் எவை? முதலாவது, பற்றரியால் இயங்கும் மின்சுற்று. பழைய பேஸின் சுருளிலிருந்து எழும் மின்னோட்டம் மெலிந்தது. நீண்ட கம்பிவழியே ஒலிபெருக்கியை அடையுமுன் அதன் கூரிய பகுதி தேய்ந்துவிடும். கருவியிலுள்ள திருகும் கூர்மையைக் குறைக்குமேயன்றிக் கூட்டமாட்டாது. கருவியின் உள்ளேயே சிறு மிகைப்பியை வைத்தால் ஓசை தேயாமற் செல்லும். கனத்தையும் கூர்மையையும் வேண்டியவாறு கூட்டவுங் குறைக்கவும் இயலும். கலிபோர்ணியாவின் அலெம்பிக் நிறுவனம் ஜாக் கசாடி என்னும் கலைஞருக்காக 1970-களின் தொடக்கத்தில் இத்தகைய கருவியைச் செய்தது. அதனைப் பலருக்கும் கிட்டும் கருவியாக்கியது 1976 இல் மியூசிக் மான் நிறுவனம் வெளியிட்ட ஸ்ரிங்ரே. இதனை வடிவமைத்தவர் யார்? தம் பழைய தொழிலை விற்றுவிட்ட லியோ ஃபெண்டரே!

பழைமை விரும்புவோர் இதற்குக் கூறும் மறுப்பு எளிதிலே தள்ளத்தக்கதன்று. கச்சேரி நடுவிலே பற்றரி ஓய்ந்தால் கருவி ஊமையாகும். அதனினும் முக்கியமானது மற்றொன்று. தேய்வு என்று புதுமையாளர் கூறும் அதுவே கனிவு என்பது அவர்தம் வாதம். பிரிசிசன் பேஸின் ஓசையிலே குறைவாக உள்ள கூர்மையே, பாடகரின் குரலுக்கும் மற்றைக் கருவிகளுக்கும் இடம்விட்டுக் கொடுக்கிறது. தனியே கேட்கும்போது மங்கலாகத் தோன்றும் ஓசை, குழுவோடு சேரும்போது தனக்குரிய இடத்தில் அமைந்துவிடும் என்கின்றனர் அவர்கள்.

இரண்டாவது திருத்தம் ஐந்தாந் தந்தி. 1965 இல் ஃபெண்டர் நிறுவனமே ஐந்து தந்திகளும் 15 மெட்டுக்களும் உடைய பேஸ் ஒன்றை வெளியிட்டது. ஆனால் அதிற் கூடியது மேற்சுருதித் தந்தி. 1970 அளவில் அது கைவிடப்பட்டது. 1975 இல் கார்ல் தொம்சன் என்னும் கைவினைஞர், அந்தனி ஜாக்சனின் வேண்டுகோட்படி, மேலொன்றும் கீழொன்றுமாகத் தந்திகள் கூடிய ஆறுதந்திக் கருவியைச் செய்தார். செக்கனுக்கு ஏறக்குறைய 31 முறை அதிரும் கீழ்த்தந்தி, 1980-களில் மின்சார விசைப்பலகைகள் மிகத் தாழ்ந்த சுரங்களை எழுப்பத் தொடங்கியபின் பலருக்கும் இன்றியமையாததாயிற்று. ஆனால் 34 அங்குல நீளத்தில் அத்தந்தி தளர்ந்து நிற்கும் என்று கருதிய சிலர் நீளத்தை 35 அங்குலமாக்கினர், கழுத்தும் அகன்றது. ஒன்றை மாற்றப் புகுந்தால் அதனோடு இணைந்த மற்றொன்றும் மாறவேண்டியதாகிறது.

மூன்றாவது, கழுத்தின் உறுதி. பழைய கருவிகளிலே மேற்றந்தியில் ஐந்தாவது மெட்டு முதல் ஏழாவது மெட்டு வரையான இடத்திலே ஏதேனும் ஒரு சுரம் விரைவில் அடங்கிவிடுவதுண்டு. தந்தியின் அதிர்வும் மரக்கழுத்தின் இயல்பான அதிர்வும் ஒத்துவருமிடத்தில், தந்தியின் ஆற்றலைக் கழுத்து உறிஞ்சிவிடுவதே இதற்குக் காரணம். கழுத்தினுள்ளே கரிநார்ச் சட்டங்களைப் பதித்தால் அது விறைப்பாகி இக்குறை தணியும். நெட் ஸ்ரைன்பேகர் என்பார் இன்னும் ஓரடி முன்சென்று, 1980 அளவில், தலைப்பகுதியே இல்லாத கருவியைக் கரிநார்க் கலவையால் செய்து, பிரடைகளை உடலின் அடியிலே வைத்தார். சுரங்கள் யாவும் ஒரே சீராய் ஒலித்தன. அச்சீர்மையே அதன் குறை என்றனர் மரத்தின் அன்பர்கள். அடங்கும் சுரமும் முழங்கும் சுரமும் கலந்திருப்பதே கருவியின் உயிர் என்பது அவர்கள் துணிபு.

இனி, எவரும் பெரிதும் மறுக்காத திருத்தங்களும் உண்டு. பழைய கருவியிலே கழுத்தின் வளைவைச் சீராக்கும் இரும்புக்கோலின் திருகு உடலோடு பொருந்தும் முனையிலே இருந்தமையால், அதைத் திருப்புவதற்குக் கழுத்தையே கழற்றவேண்டும். அத்திருகைத் தலைப்பக்கத்துக்கு மாற்றியதால் ஓசைக்குக் கேடில்லை, வாசிப்பவருக்கு ஆறுதல். அவ்வாறே கருவியின் பாரம். ஒன்பது பத்து இறாத்தல் நிறையுடைய கருவியைத் தோளிலே பல மணிநேரம் தொங்கவிட்டு ஆண்டுக்கணக்காக உழைப்பவருக்குத் தோளும் முதுகும் நோவது இயல்பே.

வாசிப்போரின் கை கருவியை மாற்றிய கதையும் ஒன்றுண்டு. முதலிலே ஃபெண்டர் மேற்றந்தியின் புறத்திலே சிறு மரத்துண்டு ஒன்றைப் பொருத்தியிருந்தார். விரல்கள் அதைப் பற்றிக்கொள்ளப் பெருவிரல் மீட்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் வாசித்தவர்களோ விரல்களால் மீட்டினர். 1970-களின் நடுப்பகுதியிலே அத்துண்டு மறுபுறத்துக்கு மாற்றப்பட்டுப் பெருவிரலுக்கு ஊன்றுகோலாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பயனின்றி இருந்த உறுப்பு அது. எனினும், பழைய வடிவத்தை அப்படியே மீட்டெடுக்கும் கருவிகளிலே அதனைப் பழைய இடத்திலேயே மீண்டும் பொருத்துவாரும் உளர்!

இவ்வாறு மீட்டெடுக்கும் வழக்கம் 1982 இல் முறையாகத் தொடங்கிற்று. அவ்வாண்டில் ஃபெண்டர் நிறுவனம் 1957, 1962 ஆகிய ஆண்டுகளின் பிரிசிசன் பேஸையும் 1962 ஆம் ஆண்டின் ஜாஸ் பேஸையும் பழையபடியே செய்து விற்றது. 1985 இல் வில்லியம் சுல்ற்ஸ் தலைமையிலே பணியாளரும் முதலீட்டாளரும் நிறுவனத்தைச் சீ.பீ.எஸ்.ஸிடமிருந்து வாங்கியபின் இரு வழிகளும் பக்கம் பக்கமாக நடந்தன; பழையதன் படியும், பற்றரியும் கரிநாரும் கொண்ட புதியதும் ஒரே நிறுவனத்திலிருந்து வெளிவந்தன.

கலைஞரோ இவ்வெல்லைகளுக்குக் கட்டுப்படவில்லை. ஜாக்கோ பஸ்ரோறியஸ் 1960-களின் தொடக்கத்து ஜாஸ் பேஸ் ஒன்றை மெட்டுக்கள் இன்றி வாசித்தார். மெட்டுக்களைப் பதித்ததே பிரிசிசன் பேஸின் பெருமை; அதே மரபில் வந்த கருவியிலிருந்து அவற்றை நீக்கியதால் எழுந்தது, அவரது 1976 ஆம் ஆண்டின் முதல் இசைத்தட்டிலே உலகம் வியந்து கேட்ட பாடுங்குரல். உருண்டைக் கம்பித் தந்திகள் வெறும் மரத்தை அராவிவிடும் ஆதலின், அதன்மேல் படகுகளுக்குப் பூசும் கடினமான பிசின் பூசப்பட்டது. மார்க்கஸ் மில்லர் 1977 இல் செய்யப்பட்ட ஜாஸ் பேஸை நியூயோர்க் கைவினைஞர் ரொஜர் சடோவ்ஸ்கியிடம் கொடுத்து மின்சுற்றுப் பொருத்துவித்தார். சீ.பீ.எஸ். காலத்துக் கருவி தரங்குறைந்தது என்போருக்கு அக்கருவியின் ஓசையே விடையாயிற்று.

அண்மைக்காலத்திலே விவாதத்தினுள் இயற்கையும் புகுந்துவிட்டது. பிரேசில் ரோஸ்வுட் அருகியதனால் 1960-களிலேயே இந்திய ரோஸ்வுட் இக்கருவிகளுக்கு வரலாயிற்று. தென்னிந்திய மலைக்காடுகளிலே வளரும், ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் நம்மவர் வழங்கும் மரமே அது. 2017 இல் இவ்வினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடிந்த இசைக் கருவிகளுக்கு விலக்களிப்பதென்னும் முடிவு எடுக்கப்பட்ட 2019 ஆம் ஆண்டின் மாநாடு கொழும்பிலே நடைபெறவிருந்தது. அவ்வாண்டின் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் அது ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. 2020 இல், மரகதநிற வண்டொன்றின் அழிவினாலும் வெள்ளத்தினாலும் ஆஷ் மரம் கிடைத்தற்கரியதாகவே, பெரும்பாலான கருவிகளில் அதனைப் பயன்படுத்துவதை நிறுத்துவதாக ஃபெண்டர் நிறுவனம் அறிவித்தது. எதையும் மாற்றோம் என்பவரும் மாறவேண்டிய நிலை இது.

இருதரப்பையும் சீர்தூக்கின் ஓர் உண்மை புலப்படும். கருவியொன்றிலே குறை என்பது வேறு, குணம் என்பது வேறு. கழுத்தின் திருகு, இரைச்சல், பாரம் என்பன குறைகள். அவற்றை நீக்குவதனால் எவருடைய இசையும் கெடுவதில்லை. மங்கிய ஓசை, அடங்கும் சுரம் என்பனவோ ஒருவருக்குக் குறை, மற்றவருக்குக் குணம். அவற்றைத் தீர்ப்பவர் கருவியைச் செய்பவர் அல்லர், அதனை வாசிப்பவரே. ஜேமர்சனுக்கு நேர்ந்த துன்பம் அவர் பழையதைப் பற்றிநின்றதனால் மட்டும் வந்ததன்று. அவருக்குரிய அத்தெரிவைத் தொழிலுலகம் மதியாததனாலும் வந்தது.

லியோ ஃபெண்டரோ தம் 1951 ஆம் ஆண்டின் வடிவத்தை ஒருபோதும் முடிந்த முடிபாகக் கொண்டவரல்லர். ஸ்ரிங்ரேக்குப் பின் 1980 இல் ஜோர்ஜ் ஃபுல்லர்ட்டனுடன் சேர்ந்து ஜீ அன்ட் எல் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, தாம் செய்தவற்றுள் சிறந்தவை அங்கே செய்தவையே என்று கருதினார். 1991 இல் மறையும்வரை அதே ஃபுல்லர்ட்டன் நகரிலே சுருள்களையும் குதிரைகளையும் திருத்திக்கொண்டிருந்தார். அவர் திருத்தியவற்றைச் சிலர் ஏற்றனர். அவர் விட்டுச்சென்ற பழையதையே பலர் விரும்பினர். இரண்டும் இன்றுவரை மேடைகளிலே ஒலிக்கின்றன. குழுவின் நடுவே கேட்கும்போது, அடியிலிருந்து தாங்கும் அவ்வோசை பழைய கருவியிலிருந்து எழுகிறதா புதியதிலிருந்து எழுகிறதா என்று கூறுதல், அனுபவமிக்க செவிக்கும் எளிதன்று.